அண்டாவில் அவித்த பவளம்

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் உப்புத்தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் பயம். வாய்க்கால் வழியே கடல் ஏறி வந்தால் அந்த வருடம் விளைச்சல் போச்சு. அப்படிப்பட்ட ஊரில், நல்ல தண்ணீரை வாளியில் பிடித்து, பாக்கெட் உப்பைக் கொட்டிக் கலக்கி, வாரம் ஒருமுறை வீட்டுக்குள்ளேயே கடல் தயாரித்த ஒரே விவசாயி நான்தான். இதற்கு அரசாங்க விருது எதுவும் இல்லை. விசாரித்துவிட்டேன்.

தொட்டி என் மகள் சுடர்விழியுடையது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது வாங்கியது. கம்பெனி அவளை ஜெர்மனிக்கு அனுப்பியதும், நான்கடிக் கண்ணாடித் தொட்டி, இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் பவளங்கள் எல்லாவற்றையும் வேனில் கொண்டுவந்து என் கூடத்தில் இறக்கினாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து அப்போது ஏழு மாதம். "உங்களுக்கும் ஒரு துணையா இருக்கும்பா" என்றாள். மீன்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

பவளங்களில் ஒன்றுக்கு மட்டும் தனிச் சட்டம். ஜோவா என்று பெயர். கல்லின் மேல் சட்டைப் பொத்தான்களைத் தைத்துவைத்த மாதிரி பச்சையும் ஆரஞ்சுமாக விரிந்திருக்கும். பார்க்கச் சாது. பரவ ஆரம்பித்தால் வயலில் கோரை பரவுகிற மாதிரிதான். பக்கத்துப் பவளத்தை மூடி அமுக்கிவிடும். உள்ளே விஷம் வேறு. அதனால் அதன் கல்லை மணலுக்கு நடுவே தனியாக வைத்திருந்தாள்.

"சுத்தி ஒரு சாண் மணல் சும்மா கெடக்கணும்பா. வரப்பு மாதிரின்னு வச்சுக்குங்க. வெறும் மணல அது லேசுல தாண்டாது. தொடுறதுன்னா கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. தண்ணிக்கு வெளிய வச்சுத் தேய்க்காதீங்க. முக்கியமா, அந்தக் கல்லச் சுடுதண்ணியில போட்டுறாதீங்க. ஆவியே ஆள அடிச்சிரும்."

தலையாட்டினேன். மனதுக்குள் பாதியைத் தள்ளிவிட்டேன். என் ரத்தம்தானே அவள். நான் வாலிபத்தில் பிடித்த விரால் ஒன்று, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு முழம் வளர்ந்து, இப்போது ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கிறது. பொத்தான் அளவுப் பூ ஆவியாலேயே ஆளை அடிக்கும் என்றதும் பிள்ளையை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வரும்.

"தொட்டியக் காட்டுங்கப்பா."

காட்டுவேன்.

"நல்லாருக்கு. சரிப்பா, வைக்கட்டுமா?"

மூன்று நிமிடம். அதில் இரண்டு நிமிடம் மீனுக்கு.

ஒரு கார்த்திகை மாத மழையில் தொட்டியின் மோட்டார் நின்றுபோனது. அந்த வாரம் தினமும் கூப்பிட்டாள். மோட்டார் பற்றிக் கேட்டுவிட்டு, நான் என்ன சாப்பிட்டேன் என்றும் கேட்டாள். தொட்டிக்கு நோவு வந்தால் எனக்குப் போன் வரும் என்று அப்போதுதான் பிடிபட்டது.

கையிலிருந்த கதைச் சரக்கை எடுத்துவிட்டேன். "பெரிய மீனு ரேடியோ கேட்டாத்தாம்மா சாப்பிடுது. மாநிலச் செய்தின்னா வாயத் தொறக்குது. உலகச் செய்தின்னா திரும்பிக்குது." முதல் வாரம் சிரித்தாள். மூன்றாவது வாரம், "கதை விடாதீங்கப்பா, மீட்டிங் இருக்கு" என்றாள்.

நிஜமான நோவுதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரு காலை மூங்கில் குச்சியை உள்ளே விட்டுப் பக்கத்துக் கல்லை நகர்த்தி, ஜோவாவின் கல்லோடு முட்டவைத்தேன். வரப்பை வெட்டியாயிற்று. மிச்சத்தைப் பயிர் பார்த்துக்கொள்ளும்.

தை பிறப்பதற்குள் ஜோவா அடுத்த கல்லுக்குக் கடந்துவிட்டது. சுடர்விழி பதறிப்போனாள். தினமும் போன். "இன்னும் கிட்டக் காட்டுங்க... ஐயோ... சரி, மாத்திரை போட்டீங்களா?" ஒருநாள் நாற்பத்தேழு நிமிடம் பேசினோம். அறுவடைக்கு ஆள் கிடைக்காத அந்தத் தை மாதம்தான் என் வாழ்க்கையின் நல்ல தை மாதங்களில் ஒன்று.

வெட்டின வரப்பை அடைக்கத்தான் மறந்துவிட்டேன். மாசியில் பாதித் தொட்டி பொத்தான். ஒரு வியாழக்கிழமை அவள் சொன்னாள்:

"முடியலப்பா. தஞ்சாவூர்ல பகலவன்னு என் ஃப்ரெண்டு, அவனும் தொட்டி வச்சிருக்கான். ஞாயித்துக்கெழமை வந்து எல்லாத்தையும் எடுத்துக்குவான். உங்களுக்கும் சிரமம் வேணாம்."

தொட்டி போனால் போனும் போச்சு. நடுவில் இரண்டே நாள். அதற்குள் தொட்டியைச் சுத்தமாக்கிக் காட்டிவிட்டால் எடுத்துப்போகக் காரணம் இருக்காது. கையால் உருவினால் வேர் நிற்கும். ஆனால் நெல்லே ஆனாலும் அவித்துவிட்டால் முளைக்காது. இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலை, பொத்தான் படர்ந்த இரண்டு கற்களையும் வெறுங்கையால் தூக்கி, நெல் அவிக்கும் சின்ன அண்டாவில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். வெளியே தூறல். ஜன்னலைச் சாத்தியிருந்தேன்.

கொதி வந்து பத்து நிமிடம் இருக்கும். பழைய செப்புக்காசை நாக்கில் வைத்த மாதிரி ஒரு கசப்பு. குளிர் ஆட்டியது. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினார்கள். கால் இரண்டும் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ஈஸ்வரி கறிவேப்பிலை கேட்டு வராமலிருந்தால், இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "என்ன பண்ணிட்டிருந்தீங்க பெரியவரே?"

"பவளம் அவிச்சிட்டிருந்தேன்."

அவர் நர்ஸைப் பார்த்தார். பிறகு என்னிடம், இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

"வீரையன் மாமா சொல்றதுல பாதியத் தள்ளிட்டு எழுதுங்க டாக்டர்" என்றாள் ஈஸ்வரி.

"எந்தப் பாதியம்மா?"

"அதுதான் எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது."

மூச்சு வாங்கிக்கொண்டே ஈஸ்வரி கையிலிருந்த போனைக் காட்டினேன். ஈஸ்வரி சுடர்விழியைக் கூப்பிட்டாள். சுடர்விழி அந்த விஷத்தின் பெயரை டாக்டரிடம் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் முகம் மாறியது. அதன் பிறகு மூக்கில் ஆக்சிஜன், மார்பில் ஒயர்கள், ஏகப்பட்ட மரியாதை.

போன் என் காதுக்கு வந்தது.

"சுடுதண்ணியில போடாதீங்கன்னு சொன்னேன்லப்பா?"

"சொன்ன. நீயும் என்னைய மாதிரி கொஞ்சம் சேர்த்துச் சொல்றன்னு நெனச்சுட்டேன்."

"ஒண்ணு கேக்குறேன். நான் வச்சிட்டு வந்தப்ப ரெண்டு கல்லுக்கும் நடுவுல ஒரு சாண் இருந்துச்சு. எப்படி முட்டுச்சு?"

என்னிடம் ஒரு பூகம்பக் கதை தயாராக இருந்தது. சொல்ல மூச்சு போதவில்லை.

"நான்தாம்மா முட்ட வச்சேன்."

"எதுக்கு?"

"அது பரவுனா நீ கூப்புடுற."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "டாக்டர்கிட்ட குடுங்க" என்றாள்.

நான் படுத்திருந்தபோதே பகலவன் வந்து, கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, நிலாவுக்குப் போகிறவர் மாதிரி உள்ளே நுழைந்தாராம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அண்டாவோடு சேர்த்துத் தொட்டியையும் கொண்டுபோய்விட்டார். ஈஸ்வரி சொன்னாள். நான் திரும்பி வந்தபோது கூடத்தில் நான்கடி நீளத்துக்குத் தரை மட்டும் வெளுத்திருந்தது. மோட்டார் சத்தம் இல்லாத வீட்டில் சுவர்க்கடிகாரம் ரொம்பப் பேசியது.

அடுத்த ஞாயிறு மதியம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி ஆனது. இரண்டு. சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். நான்கு மணிக்குப் போன் அடித்தது.

"தொட்டி இல்லையேம்மா" என்றேன். "என்னத்தக் காட்டுறது?"

"உங்களக் காட்டுங்க."

கேமராவைத் திருப்ப எனக்குத் தெரியவில்லை. சுவர், ஃபேன், ஈஸ்வரி வீட்டுத் துணிக்கொடி என்று ஒரு சுற்றுக் காட்டினேன். அவள் வழி சொல்லச் சொல்ல, கடைசியில் என் மூஞ்சி வந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முன்பல்லு எங்கப்பா?"

"ஆடுச்சு. விழுந்துருச்சு."

"எப்ப?"

"போன ஆடியில."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"அது தொட்டிக்குள்ள விழலையேம்மா."

இந்த முறை, வைக்கட்டுமா என்று கேட்கவில்லை. அவள் போனை எதிலோ சாய்த்துவைத்துவிட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வலித்தபோது, போனை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.