தொட்டிக்குள் ஒரு பெண் கேட்பு

பனிக்காலம் முடிந்து மாடுகள் தொழுவத்தை விட்டு வெளியே வரும் முன், எங்கள் தெருவின் கல்தொட்டியை ஒரு வீட்டார் வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த வசந்தத்தில் என் முறை. மதிய மணி அடிப்பதற்குள் முடிக்காவிட்டால் வருடம் முழுக்க என் பெயர் 'சோம்பேறி செராய்னா'தான். இந்த மலையூரில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

அடைப்பானைப் பிடுங்கக் குனிந்தேன். அடியில் பாசிக்கு நடுவே, பல்லி மாதிரி வால் நீண்ட நீர்ப்பிராணியான சாலமாண்டர் ஒரு ஜோடி. ஆணுக்கு நீல முதுகு, ஆரஞ்சு வயிறு. பெண்ணின் எதிரே நின்று, வாலை விலாவோடு மடித்துப் படபடவென்று விசிறினான். தன் வாசனையை அவளுக்கு அனுப்புகிறான். மகாராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மானம் கெட்டவன், சுற்றி ஓடிவந்து மறுபடியும் எதிரே நின்றான். எனக்குக் கை வரவில்லை. தண்ணீர் வடிந்தால் இரண்டும் சாக்கடைக்குள் போய்விடும்.

பதினொன்றரைக்குத் தொட்டிகளின் பொறுப்பாளர் துமாஷ் வந்தார். விதிமுறை என்றால் உயிரை விடுகிற மனிதர். வாளியில் அள்ளிப் போடு என்றார். அள்ளினால் பயந்து இந்த ஆட்டமே நின்றுபோகும் என்றேன். எந்த ஆட்டம் என்று கேட்டுக் குனிந்தவர், பிறகு மண்டியிட்டார், பிறகு தொப்பியைக் கழற்றி வைத்தார்.

"பின்னாடி நகரு... அவசரப்படாதேடா," என்று தண்ணீரைப் பார்த்து முணுமுணுத்தார்.

அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி ஐத்தாவும் குனிந்தாள். மதிய மணி அடித்தது. யாரும் நிமிரவில்லை. ஆண் திரும்பி மெல்ல ஊர்ந்தான். பெண் பின்னாலேயே போய் மூக்கால் அவன் வாலைத் தொட்டாள். அவன் தன் விந்து அடங்கிய ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு முன்னே நகர்ந்தான். அவள் அதன் மேல் ஊர்ந்து, அடிவயிற்றால் அதை எடுத்துக்கொண்டாள். நான் கைதட்டிவிட்டேன்.

"வாங்கிக்கிட்டா," என்றார் துமாஷ்.

இனி முட்டையிட்டுக் குஞ்சு வளர்ந்து வெளியேறும்வரை அடைப்பானை யாரும் தொடக் கூடாது, மாடுகள் கீழ்த்தெருத் தொட்டியில் குடிக்கட்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

"அதெல்லாம் சரி," என்றாள் ஐத்தா. "முப்பது வருஷத்துல எனக்கு ஒரு நாளாவது இப்படி ஆடிக் காட்டியிருக்கீங்களா?"

துமாஷ் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கையைப் பின்னால் மடித்து, இடுப்போடு ஒட்டவைத்துப் படபடவென்று விசிறினார்.

"ஐயோ, போதும். செராய்னா பாக்குறா," என்றாள் ஐத்தா. ஆனால் அந்தக் கையைப் பிடித்தவள் வீடுவரைக்கும் விடவில்லை.