பேராச்சியின் வாசல்

மியூசியம் என்றால் செத்துப்போனவர்களின் சாமான்களை வைக்கிற இடம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சாய்நாத் அப்படி இல்லை என்றார். மாட்டுங்காவில் பிறந்து, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஆர்க்கிடெக்ட். தாராவியில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் காடிக்கரை இருக்கிறது. காடி என்றால் கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகம். அங்கே குப்பை கொட்டிக் கிடக்கிற இடத்தில் மூங்கிலும் மண்ணும் வைத்து ஒரு மியூசியம் கட்டப்போகிறாராம். ஏசி கிடையாது, காடிக்காற்றே உள்ளே குளுகுளுவென்று வைத்துக்கொள்ளும் என்றார். அந்தக் காற்றுக்குப் பிறந்ததிலிருந்து மூக்கைப் பொத்திக்கொள்கிற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனுஷர் நல்லவர். அதுதான் தொல்லை.

“இது நீங்க எல்லாரும் கூடற எடமா இருக்கணும். இப்போ எங்க கூடறேளோ, அங்க இந்தப் பச்சைப் பொட்டை ஒட்டுங்கோ. அதை வச்சுண்டுதான் டிசைன் பண்ணுவேன்” என்றார். பள்ளிக்கூட ஹாலில், தரையில், போர்வை அகலத்துக்கு எங்கள் பகுதியின் வரைபடம் விரிந்து கிடந்தது. ஆளுக்குக் கொஞ்சம் பொட்டு கொடுத்தார்.

எங்களுக்குத் தெரிந்த வழக்கம் வேறு. கூட்டம் இருக்கிறது என்று எங்கே காட்டுகிறோமோ அங்கேதான் குழாய் வரும், சண்டாஸ் என்கிற கக்கூஸ் வரும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எங்களை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். பொட்டைப் பார்த்ததும் பேராச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

சால் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்; எங்கள் பிள்ளையார் சாலில் காடிப்பக்கத்துக் கடைசி வீடு அவளுடையது. புருஷன் சுடலைக்கண்ணன் சேற்றில் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கட்டிய ஒற்றை அறை. அவன் போனபிறகு அதே அறையில் முறுக்கு சுட்டு விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றினாள். இப்போது முழங்கால் தேய்ந்து, நாலா என்கிற பெரிய சாக்கடையைத் தாண்டிப் பொதுச் சண்டாஸுக்குப் போய்வருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வாசலிலேயே ஒரு சண்டாஸ் வந்தால் அவளுக்கு அதைவிடச் சொர்க்கம் கிடையாது.

“எல்லாத்தையும் எங்க வாசல்ல ஒட்டுங்க. வந்தா எல்லாருக்குந்தான?” என்று எங்களிடம் பொட்டுகளை வாங்கினாள். போதவில்லை. பக்கத்து முனியசாமி சால்காரர்கள் ஒட்டியதையும் நகத்தால் பெயர்த்துத் தன் வாசலில் ஒட்டத் தொடங்கினாள். இசக்கிசெல்வி பார்த்துவிட்டாள். அவள் பேராச்சியின் கொழுந்தன் பெண்டாட்டி, முனியசாமி சாலில் இருப்பவள்.

“யக்கா, அது எங்க வாசல்ல ஒட்டுனதுல்லா?”

“ஒன் வாசல்ல வந்து கூடுததுக்கு என்னளா இருக்கு? புள்ளையா, குட்டியா?”

ஹால் முழுக்கக் கேட்டது. எங்களில் சிலர் சிரித்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இசக்கிசெல்வி ஏறாத கோயிலும் ஆஸ்பத்திரியும் இல்லை என்று தெரிந்தேதான் சிரித்தோம். அவள் கையில் மிச்சமிருந்த பொட்டுகளையும் பேராச்சியிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு சாய்நாத் அட்டையில் செய்த மாதிரிக் கட்டடம் ஒன்றைக் கொண்டுவந்தார். குட்டி மூங்கில் கூரை, மழைத்தண்ணீர்த் தொட்டி, கரையோரம் உட்காரப் படிகள். சண்டாஸும் இருந்தது. பேராச்சி குனிந்து தன் வீட்டைத் தேடினாள். வீடு இருந்த இடத்தில் அகலமாக ஒரு பாதை போயிற்று.

“எல்லாரும் கூடற எடம் உங்க வாசல்தானேம்மா? அதனால மெயின் என்ட்ரன்ஸ் அங்கதான். உங்களுக்கு மான்குர்த்ல ஏழாவது மாடில ஃப்ளாட் குடுத்துடுவா” என்றார் சிரித்த முகமாக.

போவது அவள் வீடு ஒன்றுதான். எங்கள் வீடுகளில் ஒரு தகரம்கூட அசையாது. பாதையோரத்தில் நாங்கள் கடை போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

“இந்தக் காலோட ஏழாவது மாடியா? அங்க எவன் எங்கிட்ட முறுக்கு வாங்குவான்?” பேராச்சி ஒவ்வொரு வீடாக வந்து அழுதாள். எங்களுக்கு இரக்கம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினோம்.

அவள் போய் சாய்நாத்திடமும் அழுதிருக்கிறாள். “பொட்டு இவ்வளவு விழுந்த எடத்தை நானா மாத்த முடியாதும்மா. அங்க கூடறதில்லேன்னு பக்கத்து சால்காரா யாராவது கூட்டத்துல சொல்லட்டும். என்ட்ரன்ஸை ரோட்டுப் பக்கம் வச்சுடறேன், யார் வீடும் போகாது” என்றாராம்.

பேராச்சி நேரே போய் இசக்கிசெல்வியின் காலில் விழுந்தாள். மூத்தவள், இளையவள் காலில். இசக்கிசெல்வி அவளைத் தூக்கி உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, “அழாதியக்கா, நான் பேசுதேன்” என்றாள்.

கூட்டத்தில் பேசினாள்.

“சார், எங்களுக்குப் புள்ளகுட்டி கெடையாது. நாலு பேரு மொகத்தப் பாக்கணும்னா அக்கா வாசலுக்குத்தான் ஓடுவேன். யாரு போனாலும் உக்கார வச்சி, ஒரு முறுக்காவது குடுக்காம அனுப்ப மாட்டாவ. எங்க சாலு பொம்பளையளுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. அந்த எடத்த மட்டும் மாத்திராதிய சார்.”

சாய்நாத் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இசக்கிசெல்வி முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பேராச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “பொய்யி சார்! எம் வாசல்ல ஒரு நாய்கூட உக்காந்தது கெடையாது. எவளாவது வந்தா பாத்திரம் கழுவுன தண்ணிய ஊத்தி வெரட்டுவேன். ஒடஞ்ச முறுக்கக்கூட சும்மா குடுத்ததில்ல. பொட்டெல்லாம் நான் பிச்சி ஒட்டுனது. நான் பொல்லாதவ சார்! இவுககிட்டயே கேளுங்க!”

ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எங்களில் பாதிப்பேர் மேல் அந்தத் தண்ணீர் விழுந்திருக்கிறது. சாய்நாத் எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் கடையை நினைத்துக்கொண்டோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து பேராச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “தன்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னாக்கூடத் தாங்க மாட்டேங்கறேளேம்மா! என்ன மனசு உங்களுக்கு! அந்த வாசலுக்கு உங்க பேரையே வைக்கறேன்.”

அவள் கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. நாங்கள் பலமாகக் கைதட்டினோம்.