சமுத்திரத்தின் ரப்பர் பிடி

சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவித்த மறுவாரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ஸ்டேஷனுக்கு வந்து ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் வேலை ஏட்டு மாரிச்செல்வியுடையது.

பத்தரை மணிக்கு சமுத்திரம் வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் நடந்த ஒரு கொலையைக் கண்ணால் பார்த்துக் கோர்ட்டில் சாட்சி சொன்னவர். அதற்குப் பிறகு வந்த மிரட்டலால்தான் அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. பழைய வெளிநாட்டு பிஸ்டல். குண்டுகளைத் தனியே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மாரிச்செல்வி பிஸ்டலைக் கையில் எடுத்ததும் நின்றாள். பிடியைச் சுற்றித் தடித்த கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. அந்த பிஸ்டலுக்குப் பிடியின் முன்பக்கத்தில்தான் எண். அது ரப்பருக்குள் போயிருந்தது.

"என்னய்யா இது? போன தேர்தலுக்குக் கொண்டாந்தப்ப மரப்பிடிதான இருந்துச்சு?"

"வழுக்குதுன்னு போட்டேன். பிடி மாத்துனா குத்தமா?"

"பிடி மாத்துறது குத்தமில்ல. ஆனா லைசென்ஸ் உள்ள கடையில செஞ்சிருக்கணும். நம்பர் வெளிய தெரியணும். எங்க செஞ்சீங்க?"

"ராஜபாளையத்துல, பைக் மெக்கானிக் ஒருத்தன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். எண்ணை மறைக்க ஒரு காரணம் இருக்கும். எண் தேய்க்கப்பட்டிருந்தால், வைத்திருந்தவரே தேய்த்தார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அவர் தன் பிஸ்டலை யாருக்கோ கொடுத்துவிட்டு, அதே மாதிரி கள்ளத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். போன மாதம் வத்திராயிருப்புப் பக்கம் சத்தத்தை அடக்கும் குழாயோடு ஒருவன் பிடிபட்டிருந்தான். குழாய் மட்டும் தனியாகக் கிடைத்தாலே வழக்குதான். இவர் வீட்டிலும் அப்படி ஏதாவது இருக்குமோ?

"ரப்பரப் பிரிக்கணும்யா. நம்பரப் பாக்காம நான் எழுத முடியாது."

"அதெல்லாம் பிரிக்க வராது. பசை போட்டு ஒட்டுனது."

"பிளேடு தாரேன். நீங்களே பிரிங்க. நான் கை வச்சு ஒரு கீறல் விழுந்தா பொறவு என்னையச் சொல்லுவீங்க."

"மாட்டேன்."

அந்த ஒரு சொல்லில் அவள் சந்தேகம் உறுதியானது. இன்ஸ்பெக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தாள். அதைப் பார்த்ததும் சமுத்திரம் பிளேடுக்குக் கை நீட்டினார்.

அப்போதுதான் அவள் அந்தக் கையைக் கவனித்தாள். வந்ததிலிருந்து அவர் இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. விட்டதும் வலது கை படபடவென்று ஆடியது. பிளேடு ரப்பரில் வழுக்கி விரலைக் கிழித்தது. அவர் மறுபடியும் வைத்தார். மறுபடியும் வழுக்கியது.

"போதும்யா. குடுங்க."

அவளே பிரித்தாள். உள்ளே எண் துளியும் சிதையாமல் இருந்தது. பதிவேட்டில் உள்ள அதே எண்.

சமுத்திரம் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டார். "ரெண்டு வருசமா நடுக்கம். மரப்பிடி கையில நிக்க மாட்டேங்குது. நான் சாட்சி சொல்லி உள்ள போன பய போன மாசம் ஜெயில்லருந்து வெளிய வந்துட்டான், தெரியுமா? கையப் பத்தி எழுதிட்டீங்கன்னா தேர்தல் முடிஞ்சாலும் இது எனக்குத் திரும்பக் கிடைக்காது."

மாரிச்செல்வி பேனாவை எடுத்தாள். நடுங்கும் கையில் குண்டு போட்ட துப்பாக்கி. அவர் வீடோ பள்ளிக்கூடத்துத் தெருவில்.

"எழுதாம இருக்க முடியாதுய்யா," என்றாள். ரப்பர் இருந்தது, எண் சரியாக இருப்பது, கை நடுங்குவது, டாக்டர் பார்க்க வேண்டியது என்று எல்லாவற்றையும் எழுதினாள். பிறகு பாதுகாப்புக் கேட்டு ஒரு மனுவும் தானே எழுதி அவர் முன்னால் வைத்தாள். அவர் நெடுநேரம் படித்தார். பிறகு எழுந்து நின்றார்.

"எங்கிட்டருந்து இதப் பிடுங்க அவிய எம்புட்டுக் குடுத்தாக உங்களுக்கு?"

"யாருய்யா?"

அவர் மனுவை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல் மாணலாக விழுந்தது.

தேர்தல் முடிந்தது. டாக்டர் தகுதிச் சான்று தரவில்லை. சமுத்திரம் பிஸ்டலை லைசென்ஸ் உள்ள கடைக்கே விற்றுவிட்டார். மனுவுக்கு உத்தரவு வந்து, தினமும் இரண்டு முறை ரோந்துக் காவலர் அவர் வீட்டு வாசலில் நோட்டில் கையெழுத்துப் போட்டுப் போகிறார். சிறையிலிருந்து வந்தவன் இதுவரை அந்தத் தெருப்பக்கம் வரவில்லை.

ஆனால் மாரிச்செல்வி ரோந்து வரும் நாளில் மட்டும் சமுத்திரம் கதவைத் திறப்பதில்லை. நோட்டை ஜன்னல் வழியாக மனைவிதான் நீட்டுவாள்.