தலையில்லாத டேங்க்

சிரிக்காத மாமே, டேங்க்குக்கு தல காணாம போனது எப்டின்னு மொதல்ல கேளு.

ஆவடில நான் கம்ப்யூட்டர் கிளாஸ் போறேன்ல, சனிக்கெழம அங்க பெத்தவங்கள கூப்ட்டு, கத்துக்கினத காட்ட சொன்னாங்க. எங்க நைனா மிலிட்டரி டேங்க் ஃபேக்டரில ஃபிட்டர். "வந்து பாக்கறேன். ஒண்ணும் தேறலன்னா திங்கக்கெழம கிளாஸ நிறுத்திட்டு ஐடிஐல சேரு"ன்னுட்டாரு.

டேங்க்கே போட்டு அசத்திடலாம்னு, கிளாஸ்ல கத்துக்கின பேசிக்ன்ற கம்ப்யூட்டர் பாஷைல எழுத ஒக்காந்தேன். வரி வரியா 'பிரிண்ட்'னு கட்டள போட்டு, வீலுக்கெல்லாம் ஓ எழுத்து, பெல்ட்டுக்கு சமக்குறி, பீரங்கிக்கு நீட்டமா கோடு. சின்னதா சூப்பரா வந்துச்சி. சனிக்கெழம காலைல ஆச தாங்காம ஸ்க்ரீன் ஃபுல்லா பெருசாக்கிட்டேன். ஓட்டி பாக்க டைம் இல்ல.

நைனா செருப்ப வெளிய உட்டுட்டு வந்து பின்னாடி நின்னாரு. ரன் குடுத்தேன். பச்ச எழுத்துல டேங்க் வந்துச்சி, வந்த ஒடனே கீழ கம்ப்யூட்டர் 'ஓகே'ன்னு போட்டுச்சி. அது எடம் புடிக்க, மொத்த படமும் மேல ஏறி, உச்சில ரெண்டு வரில இருந்த பீரங்கியும் தலயும் அம்பேல்!

கொரட்டூர்லேந்து கிளாஸுக்கு வர ஜேசுராஜ் சும்மா இருப்பானா? "இன்னா மச்சான், மீன்பாடி வண்டியா?"

நைனா அமைதியா, "இல்லப்பா, ஆம. எங்கள பாத்து தலய உள்ள இழுத்துகிச்சி." வசந்தகுமாரி மிஸ் கூட வாய பொத்திகினு சிரிக்கிறாங்க.

அப்ப தான் பொறி தட்டிச்சி. புரோகிராம் முடிஞ்சா தான 'ஓகே' வரும்? முடியவே உடலன்னா? கடேசி பிரிண்ட்ல, அடுத்த வரிக்கு தாவாம இருக்க ஒரு செமிகோலன். அதுக்கு கீழ இருநூத்தி அம்பதுன்னு நம்பர் போட்ட வரி: 'இருநூத்தி அம்பதுக்கே போ'. அது அங்கியே சுத்திகினு கெடக்கும். ரன்!

நின்னுச்சி மாமே. பீரங்கி ஸ்க்ரீன் ஓரத்துல முட்டிகினு, கம்பீரமா.

நைனா கண்ணாடிய மாட்டிகினு கிட்ட குனிஞ்சாரு. வெரல வெச்சி எண்றாரு. "அஞ்சு வீலு தான் கீது. எங்க டேங்க்ல ஆறு. இத வெச்சிகினு ஃபேக்டரி கேட்டு தாண்ட மாட்ட."

"அப்ப ஐடிஐயா நைனா?"

"அரைகொறையா உட்டுட்டு எங்க போற? திங்கக்கெழம கிளாஸுக்கு போ. ஆறாவது வீல மாட்டிட்டு எனக்கு சொல்லு, வந்து பாக்கறேன்."

இப்ப பிரச்சன இன்னான்னா, ஆறாவது வீலுக்காக பெல்ட்ட நீட்டுனா, தலயும் தள்ளி போயி பீரங்கி ஸ்க்ரீன தாண்டிடும். வீல சின்னதாக்குனா பொம்ம வண்டின்னு ஓட்டுவாரு. பீரங்கிய வெட்டலாம்னா, ஃபேக்டரில அத மாட்றதே அவரு தான்! நீ இன்னா சொல்ற மாமே, எத வெட்டலாம்?