கேட்கப் போனவள்

வடக்கே வறண்ட துர்க்கானாவுக்கு மருந்து கொண்டுபோகும் சபை ஊழியக் குழுவில் தன் பெயரும் வந்தபோது, தன் பங்குப் பணத்தைத் தானே கட்டிவிடலாம் என்றுதான் கக்காசா நினைத்தாள். கிட்டாலே ஊர்ச் சந்தையில் அவளுக்கு முடி பின்னும் கடை ஒன்று இருந்தது. முடி உலர்த்த இன்னொரு மெஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணமும் கையில் இருந்தது. ஆனால் பாஸ்டர் முக்வானா ஒத்துக்கொள்ளவில்லை.

"உன் காசுல போனா நீ மட்டும்தாம்மா போற. நாலு பேர் கொடுத்து அனுப்பினா சபையே போன மாதிரி. கேட்டுத்தான் வாங்கணும். எல்லாருக்கும் இதே சட்டம்தான்."

நேரில் போய்க் கேட்க அவளுக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்து சொந்தக்காரர்கள், வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பினாள். படித்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. அடுத்த நாள் ஒன்றிரண்டு வந்தன. 'மாசக் கடைசி, கை இறுக்கமா இருக்கு.' 'அடுத்த தடவை கண்டிப்பா.' 'உனக்காக ஜெபம் பண்றேன்.' படிக்கப் படிக்க அவளுக்குக் காது சூடேறியது. ஒவ்வொன்றும் முன்பு உதவி கேட்டவர்களுக்கு அவள் அனுப்பிய பதில்தான். ஒரு சொல் கூட மாறவில்லை.

தாய்மாமா மபோங்கா மட்டும் கொஞ்சம் அனுப்பினார். அதற்கு முன்னால் அரை மணி நேரம் திட்டினார்.

நாட்கள் ஓடின. வாடிக்கையாளரின் தலையைப் பின்னிக்கொண்டிருக்கும்போதே கண் போன் பக்கம் போனது. பின்னல் கோணிக்கொண்டது. "என்னடி, மண்டையைப் பிச்சு எடுக்கிற?" என்று ஒருத்தி எழுந்தே போய்விட்டாள். பணம் கட்ட வேண்டிய கடைசி ஞாயிறு நெருங்கியபோது கக்காசா ஒரு வழி கண்டுபிடித்தாள். மெஷினுக்கான பணத்தைச் சுருட்டி ஒரு கவரில் போட்டு, பக்கத்துக் கடையில் பழைய செருப்பு விற்கும் நங்கிலாவிடம் கொண்டுபோனாள்.

"நங்கிலா, இதை உன் போன் கணக்குல ஏத்தி உன் பேர்ல எனக்கு அனுப்பு. நீ கொடுத்த மாதிரி இருக்கட்டும்."

நங்கிலா செருப்பைத் துடைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்.

"எங்கம்மா செத்தப்போ நீ என்ன அனுப்பினேன்னு ஞாபகம் இருக்கா?"

கக்காசா நீட்டிய கவரை இழுத்துக்கொண்டாள்.

"அழுற மூஞ்சி படம் மூணு. சந்தையில மீன் விக்கிறவ கூட இருபது ஷில்லிங் வச்சா. நீ மூணு மூஞ்சி அனுப்பின. இன்னிக்கு என் பேர்ல பொய் சொல்லணுமாக்கும்!"

"நான்... அப்போ வாடகை கட்ட வேண்டியிருந்துச்சுடி."

"எனக்கு மட்டும் வாடகை இல்லையா? சரி விடு. சாயங்காலம் வெகுயோவுக்காக ஹராம்பே வசூல் இருக்கு. நீயும் வா. வந்துட்டு அப்புறமும் நீ கேட்டேன்னா, அனுப்பித் தொலைக்கிறேன்."

வெகுயோ சந்தையில் தள்ளுவண்டி இழுப்பவன். அவன் மனைவிக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்திருந்தார்கள். பில் கட்டும்வரை தாயையும் பிள்ளையையும் விடமாட்டோம் என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் படுக்கைக் காசு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் இந்தக் கூட்டு வசூல்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி பிடித்திருந்தவன் பெயர் பெயராகக் கூப்பிட்டு, கொடுத்த தொகையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். கக்காசா கைப்பையில் வசூலுக்கென்று இரண்டு நூறு ஷில்லிங் தாள்களைத் தனியாக மடித்து வைத்திருந்தாள். கவர் சட்டைக்குள் இருந்தது. தன் பெயரைக் கூப்பிடாமல் இருக்க வேண்டுமே என்று பின்வரிசையில் ஒரு குண்டுப் பெண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

வெகுயோ முன்னால் நின்றான். பிள்ளையைச் சுற்ற வாங்கிய புதுச் சால்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். விலைச் சீட்டை இன்னும் கிழிக்கவில்லை. யாராவது பணம் போடும்போதெல்லாம், போட்டவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் சால்வையையே பார்த்தான். கக்காசாவுக்கு அந்தப் பார்வை தெரிந்திருந்தது. இத்தனை நாளாகப் போனை அவள் பார்த்ததும் அப்படித்தான்.

"சலூன் கக்காசா! ஒளிஞ்சது போதும், வாம்மா!"

எல்லாத் தலைகளும் திரும்பின. யாரோ சிரித்தார்கள். "அவளா? ஆமென் சொல்லிட்டுப் போவா பாரு," என்றது ஒரு குரல். எழுந்து நடந்தாள். கைப்பையைத் திறக்க வேண்டியவள், சட்டைக்குள் கையை விட்டுக் கவரை எடுத்தாள். அதைக் கூடைக்கு மேலே பிடித்தபடி ஒரு கணம் விரல்கள் விடவே இல்லை. பிறகு விட்டன.

தொகையைச் சொன்னதும் கூட்டம் குலவையிட்டுக் கைதட்டியது. வெகுயோ முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். கக்காசாவுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. கொஞ்சத்தைத் திருப்பிக் கேட்கலாமா, தவறுதலாக எல்லாம் விழுந்துவிட்டது என்று சொல்லலாமா என்று திரும்பும் வழி நெடுக யோசித்தாள்.

"எல்லாத்தையுமா போட்ட?" என்றாள் நங்கிலா.

"எனக்கு வாந்தி வருதுடி."

"வரும். முதல் தடவைல்ல?" நங்கிலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை வளாகத்தில் ஏலம் நடந்தது. குழுவில் போகிறவர்களுக்காக ஆட்கள் பூசணி, முட்டை, வாழைத்தார் என்று கொண்டுவந்தார்கள்; விற்ற காசு அவரவர் பங்கில் சேரும். கக்காசாவின் முறை வந்தபோது யாரும் அசையவில்லை. அப்போது வெகுயோ ஒரு கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். மனைவியும் பிள்ளையும் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்றான். கோழி கத்தியது. ஏலத்தில் நங்கிலா கேட்டாள், மீன்காரி அவளுக்கு மேலே கேட்டாள், விலை ஏறியது.

"உனக்காகக் கேக்கலைடி, துர்க்கானாவுக்காகக் கேக்கறேன்!" என்று நங்கிலா அங்கிருந்தே கத்தினாள்.

ஆனாலும் பங்கில் பாதிதான் தேறியது. கெடு அன்றோடு முடிந்தது. நர்ஸ் படிப்புப் படிக்கும் நசாம்பு என்ற பெண்ணுக்கும் கொஞ்சம் குறைந்தது. அவள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். கக்காசா பாஸ்டரிடம் போனாள்.

"என்னுதை அவளுக்குக் கொடுத்துடலாமா பாஸ்டர்?"

"அது உன் காசு இல்லையேம்மா. கொடுத்தவங்களைக் கேக்கணும்."

மறுபடியும் கேட்பதா! வளாகத்து மரத்தடியில் நின்று, கொடுத்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டாள். மீன்காரி, "இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?" என்று சிரித்தாள். வெகுயோ, "கோழிக் காசு உங்களுதுதான் அக்கா, நீங்க யாருக்கு வேணா கொடுங்க," என்றான். கடைசியாக மாமா.

"என் காசுல நீ தர்மம் பண்றியா?"

"ஆமா மாமா. அதான் கேட்டுட்டுப் பண்றேன்."

மாமா திட்டப்போகிறார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"யாரு பொண்ணு அது?"

"தெரியாது மாமா."

"தெரியாதவளுக்கா? நீயா?" மாமா இருமினார். "சரி, குடு. மீதி என்ன குறையுதுன்னு சொல்லு."

"அவளுக்கு இது போதும் மாமா. மிஞ்சறது குழுவுக்கு மருந்து வாங்க."

செவ்வாய்க்கிழமை விடியற்காலை லாரி கிளம்பியது. நசாம்பு மேலேயிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள். கக்காசாவும் ஆட்டினாள். லாரி துர்க்கானாவுக்குப் போகும் லோட்வார் சாலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். தானும் அதில் போயிருக்க வேண்டியவள். பொறாமையாக இருந்தது. அதை மறைக்க முயலவில்லை.

"வருத்தமா?" என்றாள் நங்கிலா.

"ரொம்ப. மெஷினும் போச்சு, பயணமும் போச்சு."

"அடுத்த வருஷம் கேப்பியா?"

"கேப்பேன்," என்றாள் கக்காசா. "அதுக்கு முன்னாடி மீன்காரி மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் சேக்கறாங்களாமே, எங்க நடக்குது?"

நங்கிலா வழி சொன்னாள். கக்காசா போனாள். கூடைக்கு மேலே அன்றும் விரல்கள் இறுகத்தான் செய்தன.