கஞ்சி கொட்டிய கால்

கொதிக்கிற அரக்குச் சாயத்தில் பட்டு நூலைத் தோய்த்தெடுக்க இரண்டு ஆள் வேண்டும். அண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று நூல் மாட்டிய கழியை ஒன்றுபோலப் புரட்டினால்தான் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்காது. ஒரு வாரமாகத் தேவசகாயம் ஒண்டியாக இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் நிற்கும் பட்டம்மாள், அண்டா மேலே சரிந்து, முழங்காலுக்குக் கீழே வெந்துபோய் வீட்டில் கிடந்தாள்.

அடுப்பின் ஒரு மூலை இடிந்து மாதக்கணக்காகிறது. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் இல்லை. சொல்லும்போதெல்லாம் முதலாளி முனிரத்தினம், முகூர்த்த ஆர்டர் முடியட்டும் என்பார். ஒரு முகூர்த்தம் முடிந்தால் அடுத்தது வந்து நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவர் தேவசகாயத்திடம் பக்குவமாகச் சொன்னார். பட்டறை என்று வாயைத் திறந்தால் போலீஸ் வரும், பூட்டு விழும், எல்லார் வயிற்றிலும் ஈரத்துணிதான். வீட்டில் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டியதாகச் சொல்லிவிடு என்றார். அவனும் அப்படியே சொன்னான். டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கஞ்சி செவப்பா இருக்குமா?"

"அவுங்க சாயம் போடுறவங்கம்மா. கால்ல எப்பவும் கறை இருக்கும்."

தனக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. அதிலிருந்து சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ண வாய் வரவில்லை. மனைவி எஸ்தர் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான். அதுவும் பொய்தான்.

ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டுச் சபையில், தேவகுமாரனே பாடுபட்டுத்தான் கீழ்ப்படியக் கற்றார், நாம் எம்மாத்திரம் என்று பாஸ்டர் பிரசங்கம் பண்ணினார். பிறகு சாட்சி சொல்ல விரும்புகிறவர்களை எழுந்திருக்கச் சொன்னார். நடந்ததை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் தேவசகாயம் வந்திருந்தான். பாயில் கையை ஊன்றி எழப்போனான். அதற்குள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒரு வாரமாகப் படுத்திருந்த பட்டம்மாள், மகள் ஜோதிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"தோத்திரம். வீட்டுல கஞ்சி வடிக்கச்சொல்ல அஜாக்கிரதையா இருந்துட்டேன். கால் மேல கொட்டிக்கினேன். இதுலயும் கர்த்தர் எனக்குப் பொறுமையைக் கத்துக் குடுத்துக்கினு இருக்காரு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

சபை அல்லேலூயா என்றது. அவனும் சொன்னான். அவளுடைய வெள்ளைப் புடவைக்குக் கீழே கால் கட்டில் அரக்கு ஊறித் தெரிந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வெளியே செருப்பு விட்டிருந்த இடத்தில் அவளிடம் போனான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சொல்லிடலாம்னுதான்க்கா வந்தேன்."

"தெரியும்பா. நீ எழுந்துக்கறதப் பாத்துட்டுதான் நான் எழுந்தேன். உனக்கும் புள்ளைங்க இருக்குது. நாளைலருந்து ஜோதிகாவ என் எடத்துக்கு வரச் சொல்லிட்டாரு மொதலாளி. கெடுத்துடாத."

கீழ்ப்படிந்தவன் அவன், பாடுபட்டவள் அவள். அவள் வலது கால் செருப்பை அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். கட்டுப் போட்ட கால் வீங்கிவிட்டதால் அது நுழையவில்லை. ஜோதிகா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஜோதிகா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அடுப்பு மூலையில் பழைய செங்கல்லே இருந்தது. சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. முனிரத்தினம் வாசலில் உட்கார்ந்து போனில் யாரிடமோ ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா எங்க மாமா நிப்பாங்க?"

தேவசகாயம் கையால் காட்டினான். அவள் போய் நின்றாள்.

"காலக் கொஞ்சம் தள்ளி வச்சிக்கம்மா," என்றான்.

அவள் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். கழி எட்டவில்லை. காலை மறுபடியும் முன்னால், அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழியைப் பிடித்தாள்.