பிறந்த வீட்டுச் சுத்தியல்

"சுத்தியலைக் கீழ வை போச்சூ. அது பொம்பளை தொடற—"

"வைக்க மாட்டேன் அத்தான். எங்க அக்கா பெட்டிக்கு—"

"—பொம்பளை தொடற சாமான் இல்ல. ஆளு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கேன்ல?"

"—எங்க வீட்டு ஆளுதான் ஆணி அடிக்கணும். எங்க வீட்டுல ஆளுன்னு மிச்சம் இருக்கறது நான்தான்."

முற்றத்துப் பந்தலுக்குக் கீழே சவப்பெட்டி இருந்தது. மூடி வைத்தாகிவிட்டது, ஆணி அடிக்கவில்லை. பெட்டிக்கு இந்தப் பக்கம் லிம் சுயிதோ, செத்தவளின் புருஷன். அந்தப் பக்கம் போச்சூ, செத்தவளின் தங்கை. சிவப்புத் துணி சுற்றிய சுத்தியலை அவள் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள், யாரோ பிடுங்க வரும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

பெட்டியின் கால்மாட்டில் சணல் துணி உடுத்தி மண்டியிட்டிருந்த சூலியென் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அந்த வீட்டு மருமகள். மருமகள் போட்டுக்கொள்ளும் துக்க முக்காடு நெற்றிக்குக் கீழே இறங்கி முகத்தையே மறைத்துவிடும். காலையிலிருந்து அதற்காக அவள் தெய்வங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். முக்காட்டுக்குள்ளே இடது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கத்திரிக்காய் நிறம் ஏறியிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் பூண்டு உலர்த்தும் பரணிலிருந்து விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். கேட்டவர்களும் நம்பியதாகத் தலையாட்டியிருந்தார்கள்.

பெண் செத்தால் பிறந்த வீட்டார் வந்து உடம்பைப் பார்க்க வேண்டும். பார்த்துத் திருப்திப்பட்டால் தாய்மாமன் கையால் ஆணி இறங்கும். அதுவரை பெட்டி நகராது. வானத்தில் சாமி பெரிசு, பூமியில் தாய்மாமன் பெரிசு என்பது அந்தக் கடற்கரைப் பேச்சு. ஆனால் செத்துப்போன கியோக்லானின் ஒரே தம்பி சிப்பி எடுக்கப் போனவன், மூங்கில் தெப்பத்தோடு கடலுக்குள் போய் நாளாகிவிட்டது. அதனால் சுயிதோ தன் பங்காளி ஒருவரையே தாய்மாமன் இடத்தில் நிறுத்திவிட ஏற்பாடு செய்திருந்தார். பங்காளி புதுச் செருப்போடு வந்து பாக்கு மென்றுகொண்டு நின்றார்.

போச்சூ அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரு எங்க அம்மா வயித்துல எப்பப் பொறந்தாரு? எனக்கு யாரும் சொல்லலியே."

பந்தலுக்குப் பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பங்காளி பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சுயிதோவைப் பார்த்தார்.

அன்று காலை போச்சூ வந்து இறங்கியபோதே ஏதோ நடக்கப்போகிறது என்று சூலியெனுக்குத் தோன்றியிருந்தது. சிப்பிக் கூடை கட்டும் மோட்டார் சைக்கிளில், கடல் நாற்றத்தோடு, தனியாக வந்தாள். பிறந்த வீட்டார் வரும்போது பிள்ளைகள் தெருமுனையில் மண்டியிட்டு எதிர்கொள்ள வேண்டும். அவர்கள் எழுந்திரு என்று சொன்ன பிறகுதான் எழ வேண்டும். சூலியெனின் புருஷன் தியென்ஹோக், மூத்த மகன், சரளைக் கல்லில் மண்டியிட்டான். போச்சூ மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, தலைத்துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டு, அதற்கப்புறம் நிதானமாக அவனை எழச் சொன்னாள்.

பிறகு உடம்பைப் பார்த்தாள். முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. அக்காவின் வலது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். உடைந்து கோணலாகவே கூடிப்போன மணிக்கட்டு அது. தோடு பிய்ந்து இரண்டாய்ப் பிளந்திருந்த காதை விரலால் தொட்டாள். அழவில்லை. எப்படிப் போனாள் என்று வழக்கப்படி கேட்டாள். கல்லீரல் வீங்கி, டவுன் ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்தது வரை எல்லாவற்றையும் தியென்ஹோக் ஒப்பித்தான். அதில் பொய் எதுவும் இல்லை.

"நோயிலதான் போனா. அது எனக்கும் தெரியும்பா. எப்படி இருந்தான்னுதான் கேக்கறேன்" என்றாள் போச்சூ.

அதற்குப் பதில் சூலியெனிடம் இருந்தது. மாமியார் இருந்தவரை அந்த வீட்டில் அடி விழும்போதெல்லாம் அவள்தான் நடுவில் வந்து நின்றாள். தன் புருஷன் கையும் அவள்மேல் விழுந்தது, மகன் கை மருமகளை நோக்கி எழுந்தபோது அதுவும் அவள்மேலேயே விழுந்தது. நோயில் படுத்த பிறகுதான் நடுவில் நிற்க ஆள் இல்லாமல் போயிற்று. நாளையிலிருந்து அந்த வீட்டில் பெண் என்று சூலியென் ஒருத்திதான். அவளுக்குப் பிறந்த வீடும் கிடையாது. மலைப்பக்கத்தில் அநாதையாக யார் யார் வீட்டிலோ வளர்ந்தவள். அவள் செத்தால் பெட்டியைப் பார்க்க வர ஒரு ஆள் இல்லை. இது மாமனாருக்குத் தெரியும். புருஷனுக்கும் தெரியும்.

சுத்தியல் சண்டையைத் தீர்த்துவைத்தவர் சடங்கு செய்ய வந்த ஆசான். வெயில் உச்சிக்கு ஏறுகிறது, நேரம் தவறினால் அடுத்த நல்ல நாள் வரைக்கும் இந்தச் சூட்டில் பெட்டியை வைத்திருக்க முடியாது என்று சுயிதோவிடம் சொன்னார். பிறகு பொதுவாகச் சொன்னார்:

"பிறந்த வீட்டுக் கைன்னுதான் வழக்கம். மீசை இருக்கணும்னு வழக்கம் இல்ல."

அடித்துத் தொலைத்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல் சுயிதோ கையை வீசினார். "ஏய், தண்ணி கொண்டா" என்று மருமகளைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். துக்கத்தில் மண்டியிட்டிருப்பவள் எழக்கூடாது என்று ஆசானே தடுத்துவிட்டார்.

மூலைக்கு ஒன்றாக நான்கு ஆணி. ஒவ்வொன்றுக்கும் ஆசான் ஒரு வாழ்த்துப் பாடுவார், கூடியிருப்பவர்கள் "ஆகட்டும்" என்று குரல் கொடுப்பார்கள், ஆணி இறங்கும். முதல் ஆணிக்கு வம்சம் தழைக்கட்டும் என்று பாடினார். ஊரே "ஆகட்டும்" என்றது. போச்சூ அடித்தாள். தினம் சிப்பி உடைக்கிற கை, ஒரே அடியில் இறங்கியது.

இரண்டாவது மூலைக்குப் போனவள், ஆசான் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இதுக்கு நான் சொல்றேன்."

சுத்தியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டாக இல்லாமல் பேச்சாகவே சொன்னாள்.

"இந்த வீட்டுல இனிமே எந்தப் பொம்பளை மேலயும் கை விழாது."

"ஆகட்டும்" எழவில்லை. சாவுக்கு ஊத வந்திருந்த குழல்காரர்கள் தங்கள் குழல்களைப் பார்த்துக்கொண்டார்கள். இது என்ன வாழ்த்து என்று சுயிதோ கேட்டார். நல்ல வாழ்த்துதான் அத்தான், பதில் வந்தா ஆணி இறங்கும் என்றாள் போச்சூ. சுத்தியல் தூக்கியபடியே நின்றது. வெயில் பந்தல் கீற்று வழியே மூடிமேல் வந்து விழுந்தது.

அந்தத் தெருவில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அடுத்த வீட்டு ஆங்ஜீ, இந்த வீட்டில் சத்தம் எழும்போதெல்லாம் ரேடியோவில் நாடகப் பாட்டைப் பெரிதாக வைத்துவிடுவாள். அவளும் இப்போது சமையல் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

சூலியென் இரண்டு கையாலும் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள்.

வெளிச்சம் அந்தக் கன்னத்தில் விழுந்தது. பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் பார்த்தார்கள். தியென்ஹோக் தரையைப் பார்த்தான்.

"ஆகட்டும்" என்றாள் சூலியென்.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. அது அடங்குவதற்குள் ஆங்ஜீயின் கரகரத்த குரல், "ஆகட்டும்." பிறகு அவளுக்குப் பின்னால் ஒருத்தி, கிணற்றடிப் பக்கம் இரண்டு பேர், பல் போன ஒரு கிழவி, எல்லாம் பெண் குரல்கள். ஆணி இறங்கியது.

மூன்றாவது மூலை சூலியென் மண்டியிட்டிருந்த பக்கம். போச்சூ குனிந்து அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், காலையில் அக்காவின் மணிக்கட்டைப் பார்த்ததுபோல.

"இன்னிலேர்ந்து இவ எங்க வீட்டுப் பொண்ணு. இவளைப் பாக்க வர்ற ஆளு நான். சாவுக்கு இல்ல, மாசாமாசம் வருவேன். கன்னத்தைப் பாப்பேன், கையைப் பாப்பேன். இவ வரணும்னாலும் எங்க வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கு."

இந்த முறை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. "ஆகட்டும்" என்றதில் ஆண் குரல்களும் கலந்திருந்தன. பங்காளி பாக்கை விழுங்கிவிட்டுச் சொன்னதைச் சூலியென் கண்ணால் பார்த்தாள்.

நான்காவது மூலையில் சுயிதோ நின்றார். போச்சூ வந்ததும் ஓரடி நகர்ந்தார்.

"இதுக்கு ஊரு வேணாம். அத்தான் ஒருத்தர் சொன்னா போதும்" என்றாள். சுத்தியலைத் தூக்கினாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

"எங்க அக்காவுக்கு இனிமே வலிக்காது."

சுயிதோ பெட்டியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"கேக்கலை. வழக்கத்துல சத்தமா சொல்லணும்" என்றார் ஆசான், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

"ஆகட்டும்" என்றார் சுயிதோ.

கடைசியாக ஒரு சின்ன ஆணி உண்டு. லேசாகக் குத்திவைப்பார்கள். மூத்த மகன் அதைப் பல்லால் பிடுங்கி, சாம்பிராணிக் குடத்தில் போட வேண்டும். போச்சூ அதை லேசாகத்தான் தட்டினாள், ஆனால் இன்னும் ஒரு தட்டுச் சேர்த்துத் தட்டினாள். தியென்ஹோக் குனிந்து மூடியில் முகத்தை வைத்துக் கடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். நெற்றி மரத்தில் இடித்தது, எச்சில் ஒழுகியது. ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. ஆசானுக்கு அவசரம் போய்விட்டது போலிருந்தது. கடைசியில் ஆணி வந்தபோது உதடு கிழிந்து இரத்தம் வந்தது.

குடத்தை ஏந்திக்கொண்டு முன்னால் நின்றவள் சூலியென். ஆணி சாம்பலில் விழுந்தது. அவன் நிமிர்ந்தான். நாலைந்து நாளில் அவள் முகத்தை அவன் நேராகப் பார்த்தது அப்போதுதான். கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்தான். அவளும் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. விலக்கியவன் அவன்தான்.

பெட்டியைத் தூக்கினார்கள். மனைவியின் பெட்டிக்குப் பின்னால் புருஷன் போகக் கூடாது. சுயிதோ நடைவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். சமையலைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பதாக ஏற்பாடாகியிருந்த ஆங்ஜீ, கரண்டியை அடுப்புமேலேயே வைத்துவிட்டு, ஈரக் கையை உடுப்பில் துடைத்தபடி வந்து பெண்கள் வரிசையில் சேர்ந்துகொண்டாள். அவளைப் பார்த்து சமையலுக்கு நின்ற மற்ற இரண்டு பெண்களும் வந்தார்கள். போச்சூ சூலியெனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடலிலிருந்து வந்த காற்றில் சணல் துணிகள் ஒருசேரப் படபடத்தன. வரிசை வாசலைத் தாண்டி, நிலக்கடலை வயலோரம் திரும்பியது. சூலியென் வெறும் முகத்தோடு நடந்தாள். வெயில் சுட்டது, நன்றாக இருந்தது.

குழல்காரர்கள் அடுத்த ஊதலுக்கு மூச்சு இழுத்த இடைவெளியில், பின்னாலிருந்து, வாசலிலிருந்து, ஒரு குரல் வந்தது.

"ஏம்மா சூலியென்... மத்தியானம் எனக்கு யாரும்மா சோறு போடுவா?"